பேரேட்டில் ஏறாதவை

நடுநிலை என்ற சொல்லுக்கு நம்மிடையே இருக்கும் மரியாதை மீது எனக்கு வெகு நாட்களாகவே சந்தேகம் உண்டு. எந்த முகாமிலும் சேராதவன், எந்தக் கொடிக்குக் கீழும் நிற்காதவன், ஆகவே கறைபடாதவன் என்று ஒரு சமன்பாடு சிறுபத்திரிகை எழுத்தில் அநேகமாக விவாதம் எதுவும் இன்றியே ஏற்கப்பட்டிருக்கிறது. இதை விசாரிக்கத் தத்துவ நூல்களுக்குப் பஞ்சமில்லை. நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு ஜப்பானிய வீடியோ விளையாட்டை. சிலர் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். சினிமா பற்றி இந்த மாதிரிப் பத்திரிகைகளில் முதலில் எழுதியபோதும் பக்கங்கள் புரட்டப்பட்டன. ஆனால் தார்மீகத் தேர்வு என்பதை எண்ணாக மாற்றி, கூட்டிக் கழித்து, கடைசியில் ஆளுக்குத் தகுந்த முடிவை வழங்குகிற ஒரு சாதனம் நம் காலத்தில் உருவாகியிருக்கிறது என்றால், அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது விமர்சகனின் வேலைதான் என்று எனக்குப் படுகிறது.

விளையாட்டின் பெயர் ஷின் மெகாமி டென்செய். ‘மெய்யான தேவி மறுபிறப்பு’ என்று உத்தேசமாகச் சொல்லலாம். அயா நிஷிதானி 1986இல் எழுதிய நாவலில் இதன் வேர் இருக்கிறது. சக மாணவர்களால் வதைக்கப்படும் ஒரு பள்ளிக்கூடப் பையன், பேய்களை வரவழைக்கும் கணினிப் புரோகிராம் எழுதிப் பழி தீர்க்கக் கிளம்பும் கதை அது. அட்லஸ் என்ற நிறுவனம் அதை விளையாட்டாக்கி, நாம்கோ 1987இல் வெளியிட்டது. ‘ஷின்’ என்ற முன்னொட்டுடன் அட்லஸ் தானே வெளியிட்ட முதல் பாகம் 1992 அக்டோபரில் வந்தது. பின்பு 1994, 2003, 2013, 2021 என்று எண்ணிட்ட பாகங்கள் வந்தன. இடையில் கிளைகளும் பல. பாத்திரமேற்று ஆடும் வகை இது. ஆடுகிறவன் ஓர் இளைஞனின் இடத்தில் நிற்கிறான், இடிந்த நகரத்தில் நடக்கிறான், வழியில் பேய்கள் மறிக்கின்றன. பிற விளையாட்டுகளில் மறிப்பதை வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். இங்கே வெட்டலாம், அல்லது பேசலாம். பேசி, பேரம் படிந்தால், அந்தப் பேய் நம் கூட்டத்தில் சேர்ந்துவிடும்.

பேய் என்று எழுதிவிட்டேன். ஜப்பானியச் சொல் ‘அக்குமா’. அதைச் சாத்தான் என்று மொழிபெயர்த்தால் பாதிரியார் வாடை வந்துவிடுகிறது. அசுரன் என்றால் புராண நாடகம் ஆகிவிடுகிறது. ஏனென்றால் இந்த அக்குமாக்களின் பட்டியலில் லூசிஃபரும் மிக்கேலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஓடினும் அமதெராசுவும் இருக்கிறார்கள். நம் சிவன், விஷ்ணு, காளி, லக்ஷ்மி, சரஸ்வதி எல்லோரும் இருக்கிறார்கள். கோபப்பட வேண்டாம். இவர்களில் சிலர் பௌத்தத்தின் வழியே சீனம் கடந்து ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஜப்பானில் குடியிருப்பவர்கள். சரஸ்வதி அங்கே பென்சைத்தென். பிள்ளையார் கங்கிதென். நாரா நகரத்துக் கோஃபுகுஜி கோயிலில் 8ஆம் நூற்றாண்டு அசுரன் சிலை ஒன்று உண்டு. மூன்று முகம், ஆறு கை, முன்முகத்தில் புருவம் சுளித்த ஒரு பையனின் கவலை. அசுரன் என்று கேட்டதும் நமக்குத் தோன்றும் மீசை அதில் இல்லை. ஒரு ஊரின் தெய்வம் அடுத்த ஊரின் பிசாசு என்பதற்கு நம் மொழிக் குடும்பங்களே சாட்சி. வேதத்தின் தேவன் ஈரானில் கெட்டவனாகிறான், வேதத்தின் பின்பகுதியில் கெட்டவனாகும் அசுரன் அங்கே அஹுர மஸ்தாவாக முழுமுதல் ஆகிறான். ஆகவே தெய்வத்துக்கும் பிசாசுக்கும் பொதுவான ஒரு சொல் வேண்டும். சங்கச் சொல்லான அணங்கு பொருத்தம்தான், ஆனால் நாக்கில் ஏறாது. பேய் என்றே வைத்துக்கொள்கிறேன். காரைக்காலம்மையார் தன்னைப் பேய் என்று சொல்லிக்கொண்டவர், அந்தச் சொல் அவரைக் குறைத்துவிடவில்லை.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். ஜப்பானியத்தில் ‘நகமா’ என்றால் தோழன், கூட்டாளி. இரண்டு எழுத்துகளில் எழுதுவார்கள். இந்த விளையாட்டு இரண்டாவது எழுத்தை மாற்றி, பேயைக் குறிக்கும் எழுத்தை அங்கே வைக்கிறது. உச்சரிப்பு அதேதான். காதால் கேட்கிறவனுக்குத் தோழன், கண்ணால் படிக்கிறவனுக்குத் தோழப்பேய். சிலேடைகளை நான் பொதுவாக ரசிப்பதில்லை. ஆனால் இந்தச் சிலேடையில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது என்று பின்னால் சொல்லப்போகிறேன்.

முதலில் சார்புகள். நியதி ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம், நடுவே நடுநிலை. இந்த முப்பிரிவு ஜப்பானியரின் சொந்தச் சரக்கில்லை. போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் போன்றோரின் கற்பனைக் கதைகளிலிருந்து 1974இல் அமெரிக்காவில் வெளியான டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேஜை விளையாட்டுக்குப் போய், அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. அமெரிக்க மேஜையில் அது பெரும்பாலும் ஆட்டம் தொடங்குமுன் படிவத்தில் நிரப்பும் ஒரு கட்டம். ஜாதி, மதம், தொழில் என்பது போல. ஜப்பானியர் செய்த காரியம், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஆடுகிறவனின் நடத்தையே அதை நிரப்பும்படி செய்தது. கேள்வி வருகிறது, பதில் சொல்கிறோம், எண் ஒரு பக்கம் நகர்கிறது. குழப்பம் என்பது எதிரிகள் இட்ட பெயர் போலத்தான் தெரிகிறது. அந்தக் கட்சியார் தம் கொள்கையைச் சுதந்திரம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பலவான் வாழ்வான், மற்றவன் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அந்தச் சுதந்திரத்தின் உள்ளடக்கம். நியதிக்காரர்கள் ஒரே கடவுளின் ராஜ்யம் வர வேண்டும் என்கிறார்கள். அதற்குத் தகுதியில்லாதவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிடுவதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை.

1992ஆம் வருஷத்து விளையாட்டில் இந்த இரண்டு பக்கங்களுக்கும் முகம் இருக்கிறது. அது வெறும் தத்துவ முகமாக இல்லை என்பதே என்னை அதில் நிறுத்தியது. கதை தோக்கியோவின் கிச்சிஜோஜி என்ற பேட்டையில் ஆரம்பிக்கிறது. தாயைப் பேய் தின்றுவிட்டு அவள் உருவத்தில் வீட்டில் காத்திருக்கிறது. பாஸ்கல் என்று ஒரு நாய் இருக்கிறது. (அந்தப் பெயரில் ஒரு தத்துவவாதியும் ஒரு கணினி மொழியும் உண்டு. நாய்க்கு இரண்டும் பொருந்துகிறது.) நகரத்தில் ராணுவச் சட்டம். தற்காப்புப் படைத் தளபதி கோதோ ஆட்சியைப் பிடித்திருக்கிறான். பழைய தெய்வங்களே பேய்களாக வந்திருக்கின்றன, அவற்றின் துணையோடு அந்நியரின் கடவுளை எதிர்ப்போம் என்பது அவன் கட்சி. அவன் இருக்குமிடம் இச்சிகாயா. முகமும் உடம்பும் வாளும் யுகியோ மிஷிமாவுடையவை. 1970 நவம்பர் 25 அன்று அதே இச்சிகாயாவின் ராணுவத் தலைமையகத்தில் தளபதியைச் சிறைப்பிடித்து, மாடத்தில் நின்று சிப்பாய்களைக் கலகத்துக்கு அழைத்து, அவர்கள் கூச்சலிட்டுக் கேலி செய்ய, உள்ளே போய் வயிற்றைக் கிழித்துக்கொண்ட நாவலாசிரியர் மிஷிமா. விளையாட்டில் அவருடைய அழைப்பு பலித்துவிட்ட உலகம் காட்டப்படுகிறது. எதிர்ப்பக்கம் அமெரிக்கத் தூதர் தார்மன். பெயரிலேயே இடித் தெய்வம் தார் ஒளிந்திருக்கிறது, பிறகு வெளியேயும் வருகிறது. ஏக இறைவனின் காரியத்தை ஒரு பழைய பல்தெய்வக்காரன் செய்கிறான் என்பது விளையாட்டின் நல்ல குறும்புகளில் ஒன்று.

தார்மன் சொல்கிறான், கோதோவைக் கொல். கோதோ சொல்கிறான், என்னோடு சேர். இருவரையும் மறுக்கவும் இடம் இருக்கிறது. ஆடுகிறவன் நிதானித்து, யோசித்து, தன் மனச்சாட்சியைக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறான். எதைத் தேர்ந்தாலும் தோக்கியோவின் மேல் ஏவுகணைகள் விழுகின்றன. கோதோவைக் கொன்றாலும் விழும், தார்மனை எதிர்த்தாலும் விழும், ஒதுங்கி நின்றாலும் விழும். கூட வந்த பெண் தன் உயிரைக் கொடுத்து நாயகனை வேறு லோகத்துக்குத் தப்ப வைக்கிறாள். அவன் திரும்பி வரும்போது 30 வருஷம் கழிந்து, நகரம் மேடும் சாம்பலுமாகக் கிடக்கிறது.

1945 மார்ச் 10 இரவு ஒரே ராத்திரியில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எரிந்துபோன நகரம் தோக்கியோ. அதற்கு ஐந்து மாதம் கழித்து ஹிரோஷிமா. அந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் செய்த விளையாட்டு இது என்பதை நினைத்துக்கொண்டால், கேள்வியின் கனம் மாறிவிடுகிறது. இங்கே நியதி என்பது வானத்திலிருந்து வரும் அமெரிக்கா. குழப்பம் என்பது மண்ணிலிருந்து எழும் மிஷிமா. இரண்டுக்கும் நடுவே நிற்பது போருக்குப் பின்னான ஜப்பானிய நடுத்தர வர்க்கத்துப் பையன். அவன் யார் பக்கமும் சேர விரும்பவில்லை. சேராததால் ஏவுகணை அவன் வீட்டைத் தப்பிப் போகவில்லை. தேர்வு விளைவை மாற்றவில்லை, தேர்ந்தவனுக்கு ஓர் எண்ணை மட்டும் கொடுத்தது. இதைச் சிலர் விளையாட்டின் தொழில்நுட்பக் குறை என்பார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒவ்வொரு உலகம் செய்ய 1992ஆம் வருஷத்துக் கருவியில் இடம் போதாது, உண்மைதான். ஆனால் இடம் போதாமையால் நேர்ந்தது எல்லாம் அர்த்தமற்றது என்று இலக்கியம் படித்த யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்த எண்ணுக்கு வருகிறேன். நான் வங்கி குமாஸ்தா. எண்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தொழில் சந்தேகம் உண்டு. நிலுவை பூஜ்யம் என்று காட்டும் கணக்குகள் இரண்டு விதம். திறந்த நாளிலிருந்து ஒரு வரவு செலவும் நடக்காதது ஒன்று. காலையிலிருந்து லட்சக்கணக்கில் போட்டும் எடுத்தும் மாலையில் சூன்யத்தில் வந்து நின்றது மற்றொன்று. நிலுவைக் கட்டத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த விளையாட்டின் நடுநிலை பெரும்பாலும் இரண்டாவது விதத்தைச் சேர்ந்தது. 2013இல் வந்த நான்காம் பாகத்தில் எண் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. பூஜ்யத்தின் இரு பக்கமும் ஒரு சிறிய சந்து மட்டும் நடுநிலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சந்தில் வந்து நிற்க, ஆடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு கேள்விக்கு நியதியின் பதிலைச் சொன்னால் அடுத்த கேள்விக்குக் குழப்பத்தின் பதிலைச் சொல்கிறார்கள். இரக்கம் காட்ட வேண்டிய இடத்தில், கணக்கு சாய்ந்திருக்கிறது என்பதற்காக இரக்கமில்லாமல் பேசுகிறார்கள். கடைசியில் மனித குலத்தின் பிரதிநிதியாக, இரு கட்சிக்கும் அடிபணியாத சுதந்திர புருஷனாக அறிவிக்கப்படுகிறார்கள். ஒரு தீர்மானம்கூட எடுக்காமல் வெறும் கழித்தலாலேயே அங்கே போய்ச் சேர முடியும்.

வள்ளுவரின் 12ஆம் அதிகாரம் நடுவுநிலைமை. அங்கே உவமை தராசுக்கோல். இதை வைத்து நடுநிலை தமிழ் மரபிலேயே போற்றப்பட்டது என்று மேடையில் பேசுவார்கள். ஆனால் அங்கே பேசப்படுவது நியாயம் தீர்க்க வேண்டியவனின் குணம். வழக்கு பிறருடையது, கோலைப் பிடிப்பவன் வேறு. தட்டில் தன்னையே வைத்துக்கொண்டவனின் நடு வேறு விஷயம். விளையாட்டின் நாயகன் தட்டில் இருப்பவன். அதனால்தான் நடுநிலைப் பாதையில் ரத்தம் குறைவதில்லை, கூடுகிறது. 1992இல் நியதியைத் தேர்ந்தவன் அசுர ராஜனைக் கொன்றால் போதும். குழப்பத்தைத் தேர்ந்தவன் மிக்கேலைக் கொன்றால் போதும். நடுவில் நிற்பவன் இருவரையும் கொல்ல வேண்டும். நான்காம் பாகத்தில் இது இன்னும் கொடூரமாகிறது. கூடப் பயிற்சி பெற்ற ஜோனதன் நியதியின் பக்கம் போய்த் தேவதூதர்களோடு ஒன்றாகி மெர்கபா ஆகிறான். வால்டர் குழப்பத்தின் பக்கம் போய் லூசிஃபரோடு ஒன்றாகிறான். நடுநிலையாளன் இரண்டு நண்பர்களையும் தன் கையால் முடிக்கிறான். கறைபடாதவன் என்ற சமன்பாட்டை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கும்படி நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்காம் பாகத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம்மைப் போன்றவர்களுக்கு அதில் தனிச் செய்தி இருப்பதால். மிகாதோ என்று ஒரு ராஜ்யம். இரண்டு வர்க்கம். மேலே செல்வர்கள், கீழே உழைப்பாளிகள். கீழ் வர்க்கத்தாரிடையே கருப்பு உடை அணிந்த ஒரு சாமுராய் ரகசியமாகப் புத்தகங்கள் விநியோகிக்கிறாள். படித்தவர்கள் தங்கள் வாழ்க்கையின் கேவலத்தை உணர்கிறார்கள். உணர்ந்தவர்கள் பேயாக மாறுகிறார்கள். உருவகமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கொம்பும் நகமும் முளைக்கின்றன. நாயகனின் பால்ய நண்பன் இஸாகர் அப்படி மாறியவன். நாயகன் சாமுராயாகத் தேர்வானான், இவன் ஆகவில்லை, புத்தகம் கையில் கிடைத்தது. உருமாறிய பிறகு, என்னை முடித்துவிடு என்று நண்பனையே கெஞ்சுகிறான். இலக்கியம் மனிதனை மேம்படுத்தும் என்று நாம் ஆண்டு சந்தா வாங்கிக்கொண்டு நம்பும் ஒன்றை இதைவிட மரியாதையில்லாமல் யாரும் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை. புத்தகம் தப்பா, படித்ததும் பேயாவதைத் தவிர வேறு வழி வைக்காத அந்த ராஜ்யம் தப்பா என்ற கேள்வியை விளையாட்டு எழுப்பிவிட்டு, அவசரமாக அடுத்த சண்டைக்குப் போய்விடுகிறது. இந்த அவசரம் அதன் நிரந்தர வியாதி. வால்டர் மீனவனின் மகன், ஜோனதன் பிரபு குலத்தவன் என்பதையும் அது சொல்லிவிட்டு மேலே ஆராயாமல் போகிறது. ஒருவனுடைய தத்துவம் அவன் வீட்டு அடுப்படியில் ஆரம்பிக்கிறது என்பதற்கு இதைவிட நேரான குறிப்பு என்ன வேண்டும்?

மிகாதோவின் அடியில், கல்கூரை மூடிய பழைய தோக்கியோ கிடக்கிறது. அங்கே தாயாமா என்றொரு ரௌடித் தலைவன் பேய்களுக்கும் மனிதருக்கும் இடையே சமாதானம் நிலவச் செய்திருக்கிறான். பேய்களுக்கு மனித மாமிசத்தின் மேல் இருக்கும் பசியை அடக்கச் சிவப்பு மாத்திரை கொடுக்கிறான். மாத்திரை மனித மூளையிலிருந்து எடுக்கப்படுகிறது. கொஞ்சம் பேர் படுக்கையில் கிடக்கிறார்கள், மற்ற எல்லோரும் தெருவில் நிம்மதியாக நடக்கிறார்கள். தஸ்தயேவ்ஸ்கியின் இவான் கரமசோவ், ஒரு குழந்தையின் கண்ணீரின் மேல் கட்டப்படும் சுபிட்சத்துக்கு அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னவன். அவன் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உணவு விடுதியில் உட்கார்ந்து பேச முடிந்தது. இங்கே திருப்பிக் கொடுத்தால், மாத்திரை இல்லாத பேய்கள் அன்று சாயங்காலமே தெருவில் இறங்கிவிடும். சார்த்ர் 1945இல் தன் உரையில் சொன்ன மாணவனையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தனித்திருக்கும் தாயோடு இருப்பதா, இங்கிலாந்து போய்ச் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா என்று அவன் கேட்டான். நீ சுதந்திரன், தேர்ந்துகொள் என்றார் சார்த்ர். தேர்வதோடு விஷயம் முடிந்தது என்ற தொனி அதில் இருக்கிறது. பெர்னார்ட் வில்லியம்ஸ் 1965இல் எழுதிய கட்டுரையில் காட்டியது, முடிவதில்லை என்பதை. சரியானதையே தேர்ந்தாலும், தேராமல் விட்ட கடமை பொய்யாகிவிடுவதில்லை. அது மிச்சமாக நிற்கிறது. வங்கியில் உரியவர் யாரென்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்பார்கள். தொலைந்துவிட்டது என்று எழுத முடியாது, யாருடைய கணக்கிலும் சேர்க்கவும் முடியாது. சார்பு எண்ணில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. கூட்டல், கழித்தல், மீதி. மீதிக்கு ஏற்ற முடிவுரை.

இதுவரை சொன்னது விளையாட்டு தன் பெருமையாக முன்னே வைக்கும் பகுதி. எனக்கு உண்மையில் உறுத்துவது வேறு. இந்தப் பெரிய கேள்விகள் எல்லாம் மொத்தமாகச் சில பத்துத் தடவைதான் வருகின்றன. அவற்றுக்கு நடுவே பல மணி நேரம் ஆடுகிறவன் என்ன செய்துகொண்டிருக்கிறான்? பேரம் பேசுகிறான், உருக்குகிறான்.

பேரம் நம் சந்தைப் பேரத்துக்கு ரொம்பவும் கிட்டே இருக்கிறது. மறிக்கும் பேயிடம் பேச்சுக் கொடுக்கிறோம். பணம் கேட்கும். கொடுத்தால் இன்னும் கேட்கும். மருந்து கேட்கும். சம்பந்தமில்லாமல், வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்கும். சிலது வாங்கியதை வாங்கிக்கொண்டு ஓடிவிடும். சிலது காரணமில்லாமல் சந்தோஷப்பட்டு ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுப் போகும். முதல் பாகத்தில் நிலா வளர்ந்து தேய்கிறது. பௌர்ணமியில் பேய்களுக்குப் புத்தி தடுமாறும், பேச்சு ஏறாது. தன் இனத்துப் பேய் ஒன்று ஏற்கெனவே நம்மிடம் இருப்பதைக் கண்டால், அட நீயா என்பது போலச் சண்டையை விட்டு விலகும். நம்மைவிட உயர்ந்த படியில் இருப்பது எவ்வளவு கெஞ்சினாலும் சேராது. சேர்ந்த பிறகும் வெளியே அழைத்து வைத்திருந்தால், நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் தீனி போட்டாக வேண்டும். இந்த இடங்களில் பேய்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆளாகிவிடுகின்றன. எழுதியவர்களுக்கு மனித சுபாவம் தெரிந்திருக்கிறது. தேவதூதர்களின் பிரசங்கங்களைவிட, இரண்டு காசுக்கு அடம் பிடிக்கும் ஒரு குட்டிச்சாத்தானின் பேச்சு இந்த விளையாட்டில் உயர்ந்த எழுத்து.

சேரும்போது ஒவ்வொன்றும் ஒரு வாசகம் சொல்லும். ‘கொங்கோதோமோ யோரோஷிக்கு.’ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், புது வீட்டுக்கு வந்த அயலார், எல்லோரும் ஜப்பானில் சாதாரணமாகச் சொல்லும் உபசாரம். இனிமேலும் என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பழைய பாகங்களில் இதை அந்நியச் சொற்களுக்கு உரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மனித பாஷையைக் கற்று ஒப்பிக்கும் பிராணியின் தொனி அதில் வந்துவிடும். பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அது நமக்காகச் சண்டையிடுகிறது, அடிபடுகிறது, நம் காயத்தை ஆற்றுகிறது.

அப்புறம் ஒரு நாள் அது போதாமல் போகிறது. முதல் பாகத்தில் பேய்கள் வளர்வதில்லை. நாம் வளர்கிறோம், அவை சேர்ந்த அன்று இருந்த பலத்திலேயே நிற்கின்றன. கூட்டத்தில் இடமும் குறைவு. ஊரில் ஒரு மாளிகை இருக்கிறது, அங்கே இரண்டு தோழப்பேய்களைக் கொடுத்தால் ஒன்றாக உருக்கிப் புதிதாக ஒன்றைத் தருவார்கள். கொடுத்த இரண்டும் இல்லாமல் போகும். வந்த புதியது நம் எதிரே நின்று, நான் இன்னார், கொங்கோதோமோ யோரோஷிக்கு என்கிறது. அதே வாசகம். வீட்டு நாய் பாஸ்கலையும் இந்த மாளிகைக்குக் கொண்டுபோய் உருக்கலாம், செர்பரஸ் கிடைக்கும். 2003இல் வந்த மூன்றாம் பாகத்தில் பாலித் தீவின் ரங்டாவையும் பரோங்கையும் உருக்கினால் சிவன் வருகிறார். பாலியின் நாட்டியத்தில் ஓயாமல் போரிட்டு ஒருவரை ஒருவர் வெல்ல முடியாத இரண்டு சக்திகளைச் சேர்த்தால் சிவன் என்பது, ஒப்பியல் சமயம் படித்த எவருக்கும் தோன்றாத அழகான யோசனை. அந்த அழகில் மயங்கித்தான் நாமும் கொடுக்கிறோம். நான்காம் பாகத்தில் தனக்குத் தெரிந்த வித்தைகளை எல்லாம் கற்று முடித்த பேய், அவற்றை உனக்கும் சொல்லித் தருகிறேன் என்று நாயகனின் காதில் ஓதுகிறது. கற்றுக்கொண்ட பின் அதைப் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் உருக்கத்தான் கொண்டுபோகிறார்கள். துரோணரிடம் ஏகலைவன் கட்டைவிரலைக் கொடுத்தான். இங்கே சிஷ்யன் குருவையே உலையில் போடுகிறான்.

உலகம் யாருடையது, கடவுள் வேண்டுமா, சுதந்திரம் என்றால் என்ன என்ற கேள்விகளுக்கு நாம் சொன்ன வாய்ச்சொற்கள் எண்ணில் ஏறுகின்றன. நம்மை நம்பி வந்தவர்களை நாம் செய்த காரியம் நான்காம் பாகத்தின் எண்ணில் ஏறுவதில்லை. நியதிக்காரனும் உருக்குகிறான், குழப்பக்காரனும் உருக்குகிறான், நடுநிலையாளனும் உருக்குகிறான். மூன்று தத்துவத்துக்கும் பொதுவான சமையல்கட்டு அது. இதை யாரும் தேர்வு என்று கருதுவதில்லை, ஆட்டத்தின் வழிமுறை என்று கருதுகிறார்கள். வழிமுறை என்ற பெயர் கிடைத்துவிட்ட எதுவும் அதன் பிறகு தார்மீகப் பிரச்னையாகத் தெரிவதில்லை. சங்கக் கூட்டத்தில் ஏகாதிபத்தியத்தைப் பற்றி ஒருவர் என்ன கருத்துச் சொன்னார் என்பது முப்பது வருஷம் நினைவு வைக்கப்படுகிறது. அவர் நடத்திய பத்திரிகைக்கு இரவெல்லாம் ஃபாரம் மடித்துக் கொடுத்த பையன் என்ன ஆனான் என்று கேட்டால், எந்தப் பையன் என்கிறார்கள். இலக்கியக் குழுக்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் சார்புகளைத்தான் எழுதுகிறார்கள். யார் எந்த முகாம், யார் எப்போது பிரிந்தார், யார் கடைசிவரை தனித்து நின்றார் என்று. தனித்து நின்றவர் எத்தனை பேரை உருக்கிக்கொண்டு தனித்து நின்றார் என்பதற்கு அதில் பத்தி கிடையாது.

பேய்கள்தானே, திரையில் அசையும் படங்கள்தானே என்ற ஆட்சேபம் எனக்கும் தெரியும். ஆனால் ஜோனதனும் வால்டரும் படங்கள்தான். அவர்களைக் கொல்லும்போது சோக சங்கீதம் ஒலிக்கிறது, பேய்களை உருக்கும்போது விழாக்கோலம். எதற்கு வருந்த வேண்டும் என்பதை விளையாட்டே நமக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது என்பதுதான் விஷயம். மனித முகமும் ஒரு கொள்கையும் இருந்தால் துக்கம், இல்லாவிட்டால் வழிமுறை.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. நியதி, குழப்பம் என்ற பெயர்களை ஒதுக்கிவைத்து, உலகை மறுபடி படைக்கப் போட்டியிடும் மூன்று தத்துவங்களை வைத்திருக்கும் பாகம் அது. உலகம் அழிந்தவுடன் நாயகன் ஷிஞ்சுகு ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறான். அங்கே முதன்முதலாக வந்து சேர்பவள் பிக்ஸி என்ற சின்னஞ்சிறு தேவதைப்பேய். பலம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் காயம் ஆற்றத் தெரியும். யோயோகி பூங்காவுக்குப் போகிறேன், அதுவரை கூட வருகிறேன் என்பாள். பூங்கா வந்ததும், பிரிந்துவிடலாமா என்று கேட்பாள். போகச் சொல்லலாம், இருக்கச் சொல்லலாம். இருக்கச் சொன்னவர்களும் சில மணி நேரத்தில் அவளை உருக்கிவிடுகிறார்கள், ஏனென்றால் அவளால் இனி ஆவது ஒன்றுமில்லை. உருகி வந்தது மறுபடி உருக்கப்படும். அதுவும் இன்னொன்றாகும். ஆடுகிறவனுக்கு எது எதிலிருந்து வந்தது என்பது மறந்தே போகும்.

2004இல் வந்த விரிவாக்கப் பதிப்பில் அமலா என்ற பாதாள வழி சேர்க்கப்பட்டது. அதன் அடுக்குகளுக்குக் கல்பம் என்று பெயர், நம் கல்பமேதான். ஐந்தாவது கல்பத்தின் ஒரு கதவு, முதலில் சேர்ந்த அந்த பிக்ஸியைக் கேட்கிறது. அவளை இன்னும் வைத்திருப்பவன் உள்ளே போகலாம். அவளை உருக்கி, உருக்கியதை மறுபடி உருக்கி, எத்தனை கை மாறியிருந்தாலும் அவள் வழிவந்த பேய் கூட்டத்தில் இருந்தால், கதவு அதையும் அடையாளம் கண்டுகொள்கிறது. அத்தனை உருமாற்றங்களுக்கும் அடியில் அவள் வம்சத்தை யாரோ குறித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். உள்ளே அவள் பழைய சிறு உருவத்தில், 80ஆவது படியின் பலத்தோடு திரும்பி வருகிறாள். இடையில் கைவிட்டவனுக்குக் கதவு திறப்பதில்லை. மூன்று தத்துவங்களில் எதன் கணக்கிலும் இதற்கு ஒரு புள்ளியும் கூடுவதில்லை.